வியாபாரிகளை நம்பாத ஆடம் ஸ்மித்

1778-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் சுங்க இலாகாவுக்குப் புதிதாக ஒரு கமிஷனர் நியமனம் ஆனார். வேலையை ஏற்றுக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். பிரிட்டனில் யாரும் அணியவோ உபயோகிக்கவோ கூடாது என்று சட்டம் தடுத்திருந்த சாமான்களின் ஜாபிதாவை அவர் எடுத்துப் படித்தார். பிறகு தம்முடைய துணிமணிகளை ஒரு முறை சோதித்துப் பார்த்தார். திடுக்கிட்டுப் போனார்! கழுத்தில் கட்டும் துணி, சட்டையின் மணிக்கட்டில் வைக்கும் அலங்கார மடிப்பு, பையில் வைக்கும் கைக்குட்டை என்று அநேகமாக எல்லாமே தடுக்கப்பட்ட சரக்கு!

சட்டத்தைக் காக்க வேண்டிய கமிஷனரே சட்டத்தை மீறியிருந்தார். ஊருக்கு வழிகாட்ட வேண்டாமா? அவ்வளவையும் நெருப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார். வில்லியம் ஈடன் என்ற அரசியல்வாதிக்கு இதைக் கடிதத்தில் எழுதிய அவர், உம்முடைய துணிகளையோ உம் மனைவியின் துணிகளையோ சோதித்துப் பார்த்து இதே வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கையும் செய்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட தடைகளால் நாட்டுக்கு நன்மை இல்லை, கெடுதல்தான் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய நூல் எழுதி உலகப் புகழ் பெற்றவர் அந்தக் கமிஷனர். அவர்தான் ஆடம் ஸ்மித். பொருளாதார சாஸ்திரத்தின் தந்தை என்று இன்றும் போற்றப்படுகிறவர்.

வியாபாரத்துக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவரை முதலாளிகள் தங்கள் வக்கீலாகக் கொண்டாடுகிறார்கள். முதலாளித்துவத்தை வெறுப்பவர்கள் அவரை எதிரியாக எண்ணுகிறார்கள். ஆனால் அவருடைய நூலைப் புரட்டிப் பார்த்தால், வியாபாரிகளையும் முதலாளிகளையும் அவரைப் போலக் கண்டித்தவர்கள் குறைவு என்பது தெரியவரும். இந்த விசித்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தந்தை முகம் காணாத பிள்ளை

எடின்பரோவுக்கு எதிரே, கடற்கழியின் வடகரையில் கிர்க்கால்டி என்ற சிறு துறைமுகப்பட்டினம் இருக்கிறது. அங்கே சுங்க அதிகாரியாக இருந்தவர் ஆடம் ஸ்மித். 1723-ம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். அப்போது அவர் மனைவி மார்கரெட் டக்ளஸ் கர்ப்பமாக இருந்தாள். சில மாதங்களில் பிறந்த ஆண் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே வைத்தார்கள். பிறந்த தேதி இன்னது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஜூன் 5-ந் தேதி ஞானஸ்நானம் நடந்தது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

இளம் வயதில் விதவையான அந்தத் தாய் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகனும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கி 1784-ல் தாய் கண்ணை மூடும் வரை, படிப்புக்காகவும் வேலைக்காகவும் பிரிந்திருந்த காலம் தவிர, இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள்.

ஸ்மித்துக்கு மூன்று வயது இருக்கும்போது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை நாடோடிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மாமா ஆட்களுடன் துரத்திச் சென்று, காட்டு வழியில் மடக்கிக் குழந்தையை மீட்டாராம். அந்த மாமா கொஞ்சம் தாமதித்திருந்தால் பொருளாதார சாஸ்திரம் தன் ஆசானை இழந்திருக்கும் என்று பிற்காலத்தவர்கள் தமாஷாகச் சொல்வதுண்டு.

ஸ்காட்லாந்தில் அந்நாளில் ஆணி செய்யும் தொழில் நடந்துவந்தது. ஆணி அடிப்பதைத் தவிர வேறு தொழிலே அறியாத, இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள், ஆளுக்கு 2,300-க்கு மேல் ஒரே நாளில் அடித்துத் தள்ளுவதை ஸ்மித் கண்ணால் பார்த்தார். எல்லா வேலையும் செய்யும் சாதாரணக் கொல்லன் இருநூறோ முந்நூறோ செய்தால் பெரிது. ஒரு கிராமத்தில் தொழிலாளிகள் காசுக்குப் பதில் ஆணியையே எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கும் சாராயக் கடைக்கும் போவதையும் கேள்விப்பட்டார். இவை இரண்டும் பின்னால் அவருடைய நூலில் இடம் பெற்றன.

சம்பளம் நிச்சயம், பாடம் இல்லை

பதினான்காவது வயதில் ஸ்மித் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே பிரான்சிஸ் ஹட்சிசன் என்ற பேராசிரியர் தத்துவம் போதித்துவந்தார். லத்தீன் மொழியில்தான் பாடம் நடத்துவது என்ற வழக்கத்தை விட்டு, பையன்களுக்குப் புரியும் இங்கிலீஷில் பேசியவர் அவர். மனிதனின் இயற்கை உரிமைகளைப் பற்றி அவர் சொன்னது ஸ்மித்தின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1740-ல் உபகாரச் சம்பளம் கிடைத்து, ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரிக்குப் போனார். பெயர் பெற்ற இடமாயிற்றே என்று ஆசையோடு போனவருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. அங்கே பெரும்பாலான பேராசிரியர்கள் பாடம் நடத்துவதாகப் பாசாங்கு செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள். ஸ்மித் ஆறு ஆண்டுகள் அங்கே தாமாகவே படித்தார். கிரேக்க நூல்களையும் லத்தீன் நூல்களையும் கரைத்துக் குடித்தார்.

அந்தப் பேராசிரியர்கள் ஏன் அப்படி இருந்தார்கள்? ஸ்மித் இதைப் பற்றி நிரம்ப யோசித்தார். கிளாஸ்கோவில் மாணவர்கள் நேராக ஆசிரியரிடமே சம்பளம் கட்டுவார்கள். பாடம் நன்றாக இல்லாவிட்டால் மாணவர் கூட்டம் குறையும், வரும்படியும் குறையும். ஆக்ஸ்போர்டிலோ கல்லூரிக்கு ஏராளமான சொத்து இருந்தது. பாடம் நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் ஆசிரியருக்குப் பணம் வந்துவிடும். ஆகவே குற்றம் மனிதரிடம் மட்டும் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மனிதர்கள் தேவர்கள் அல்ல. தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்போதே பிறருக்கும் உபயோகமாகும்படியாக ஏற்பாடுகள் அமைய வேண்டும். அவருடைய கொள்கை முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது.

பையில் திணித்த பணம்

ஊர் திரும்பிய ஸ்மித், 1748-ல் தொடங்கி எடின்பரோவில் பொதுச் சொற்பொழிவுகள் செய்து பெயர் எடுத்தார். 1751-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் தர்க்கப் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டே ஹட்சிசன் வகித்த நீதி சாஸ்திரப் பதவி கிடைத்தது.

கிளாஸ்கோ நகரம் அப்போது அமெரிக்கப் புகையிலை வியாபாரத்தில் கொழித்துக்கொண்டிருந்தது. பெரிய வியாபாரிகளுடன் ஸ்மித் தாராளமாகப் பழகினார். கப்பல் எப்படி ஓடுகிறது, கடன் எப்படிப் புரளுகிறது, விலை எப்படிப் பேசப்படுகிறது என்பதெல்லாம் அவர்கள் மூலம் தெரிந்தன.

அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் வாட் என்ற இளைஞர் கருவிகள் செய்து பிழைக்க கிளாஸ்கோவுக்கு வந்தார். முறைப்படி ஏழு ஆண்டுகள் தொழில் பழகாதவர் என்று நகரத்துத் தொழிலாளர் சங்கத்தார் அவரைக் கடை வைக்க விடவில்லை என்று சொல்வார்கள். 1757-ல் சர்வகலாசாலை தன் எல்லைக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது. பிற்காலத்தில் நீராவி யந்திரத்தைச் சீர்திருத்தி உலகத்தையே மாற்றிய வாட் இவர்தான். திறமை இருந்தும் கைகட்டி நிற்க வைக்கும் விதிகள் எவ்வளவு கெட்டவை என்பதற்கு ஸ்மித்தின் கண்முன்னே இருந்த உதாரணம் இது.

1759-ல் அவர் தம்முடைய முதல் நூலை வெளியிட்டார். நீதி உணர்ச்சிகளைப் பற்றியது அந்த நூல். மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும், பிறருடைய சுகதுக்கம் அவனைத் தொடாமல் இருப்பதில்லை என்று அதில் வாதித்தார். நாம் செய்யும் காரியத்தை, வெளியில் நிற்கும் நடுநிலையான ஒருவர் பார்த்தால் எப்படித் தோன்றும் என்று நம் உள்ளமே நமக்குக் காட்டுகிறது. அந்த உள் மனிதனே நம்மை நெறிப்படுத்துகிறான் என்றார். மனச்சாட்சி என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்ன கருத்து அப்படியே விளங்கும். மனத்துக்குள் ஒரு சாட்சி!

இந்த நூலைப் படித்து மகிழ்ந்த சார்லஸ் டவுன்ஷெண்ட் என்ற அரசியல்வாதி, இளம் பிரபுவான பக்ளூ டியூக்குக்கு ஸ்மித்தை ஆசிரியராக அழைத்தார். வருஷத்துக்கு 300 பவுன் சம்பளம். வேலை முடிந்த பிறகும் ஆயுள் முழுவதும் அதே தொகை பென்ஷன். கல்லூரி ஆசிரியருக்குக் கனவிலும் கிடைக்காத ஏற்பாடு. 1764 தொடக்கத்தில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கல்லூரியை விட்டுப் போக நேர்ந்தது. மாணவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம், கற்றுக்கொண்டதே போதும் என்று அவர்கள் மறுத்தார்கள். ஸ்மித் விடவில்லை. ஒரு மாணவனுடைய சட்டையைப் பிடித்து நிறுத்தி, பணத்தை அவன் பையில் திணித்தார் என்று சொல்வார்கள்.

பொழுது போகாமல் எழுதிய நூல்

டியூக்குடன் ஸ்மித் பிரான்சு தேசத்தில் துலூஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு சரியாகப் பேச வரவில்லை. அறிமுகமானவர்களும் இல்லை. பொழுது போவதற்காக ஒரு நூல் எழுதத் தொடங்கியிருப்பதாக, தம் ஆப்த நண்பரான தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூமுக்கு எழுதினார். அதுதான் உலகத்தை ஆட்டிவைத்த நூல் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

பிறகு ஜினீவா போய் வால்டேரைச் சந்தித்தார். பாரிஸில் மன்னரின் வைத்தியரான கெனேயுடனும், பின்னால் நிதி மந்திரியான தூர்கோவுடனும் பழகினார். நிலமும் விவசாயமும்தான் செல்வத்துக்கு மூலம், வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது கெனே கோஷ்டியின் கொள்கை. இதில் இரண்டாவது பாதியை ஸ்மித் ஏற்றார். முதல் பாதியை ஏற்கவில்லை. ஆணி அடிக்கும் பையனும் செல்வம் உண்டாக்குகிறான் என்பது அவர் கட்சி.

1766-ல் டியூக்கின் தம்பி பாரிஸில் இறந்துபோனான். பிரயாணம் முடிந்தது. மறு ஆண்டு ஸ்மித் கிர்க்கால்டிக்கு, தாயாரிடம் திரும்பினார். அங்கே ஆறு ஆண்டுகள் அடைந்து கிடந்து எழுதினார். அவருடைய ஞாபக மறதியைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அணியும் அங்கியோடு தோட்டத்துக்கு வந்தவர், ஏதோ யோசனையில் நடந்து நடந்து பதினைந்து மைல் தள்ளியுள்ள டன்பர்ம்லின் ஊருக்கே போய்விட்டாராம். அங்கே கோயில் மணி அடித்த பிறகுதான் சுயநினைவு வந்ததாம்!

1773-ல் கையெழுத்துப் பிரதியுடன் லண்டன் சென்று, மேலும் மூன்று ஆண்டுகள் திருத்தினார். 1776-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி நாடுகளின் செல்வத்தைப் பற்றிய அந்த மகா நூல் வெளிவந்தது. இரண்டு பாகம். விலை ஒரு பவுன் 16 ஷில்லிங். ஆறு மாதத்தில் முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. குடியேற்ற நாடுகளின் வியாபாரத்தைத் தனக்கே என்று பூட்டி வைப்பதால் பிரிட்டனுக்கு நஷ்டம்தான் என்று ஸ்மித் எழுதியிருந்தது எவ்வளவு உண்மை என்பதைச் சரித்திரம் உடனே காட்டியது.

பத்துப் பேர், 48,000 குண்டூசி

ஒரு நாட்டின் செல்வம் எது? கஜானாவில் குவிந்த தங்கமும் வெள்ளியும் என்று அக்காலத்து மந்திரிகள் நினைத்தார்கள். ஆகவே ஏற்றுமதியைப் பெருக்கு, இறக்குமதியைத் தடு என்று சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள். ஸ்மித் இதை மறுத்தார். மக்கள் ஆண்டுதோறும் உழைத்து உண்டாக்கி அனுபவிக்கும் பொருள்களே செல்வம் என்றார்.

அந்தச் செல்வம் எப்படிப் பெருகுகிறது? ஒரு குண்டூசித் தொழிற்சாலையைக் காட்டினார். கம்பி இழுப்பவன் ஒருவன், நிமிர்த்துபவன் ஒருவன், வெட்டுபவன் ஒருவன், முனை தீட்டுபவன் ஒருவன் என்று வேலை 18 கூறாகப் பிரிந்திருந்தது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளில் 48,000 ஊசி செய்தார்கள். தனித்தனியே முதலிலிருந்து கடைசி வரை செய்திருந்தால், ஆளுக்கு இருபதுகூடத் தேறியிராது.

இப்படி வேலையைப் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொருவனும் தன் தேவைக்குப் பிறரை நம்பியே வாழவேண்டும். யார் எவ்வளவு செய்வது என்று கட்டளையிடுகிறவர் யார்? ஒருவரும் இல்லை. விலைதான் அந்த வேலையைச் செய்கிறது. அரசர் இறந்து நாடு துக்கம் காக்கும்போது கறுப்புத் துணிக்குக் கிராக்கி வந்து விலை ஏறும். சரக்கு வந்து குவிந்தால் விலை தானே இறங்கும். ரொட்டிக் கடைக்காரர் நம் மேல் இரக்கப்பட்டு ரொட்டி சுடுவதில்லை; தம் பிழைப்புக்காகச் சுடுகிறார். ஆனாலும் நம் பசி தீருகிறது. சுயநலம் பிறர் நலத்துக்கும் உதவும் இந்த விந்தையை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை நடத்திச் செல்வதாக அவர் உருவகம் செய்தார். இன்று உலகம் முழுவதும் பேசப்படும் இந்தச் சொற்றொடர், அந்தப் பெரிய நூலில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது!

முதலாளிகளுக்குக் கொடுத்த சூடு

இதுவரை படித்த முதலாளிகள் மகிழ்ந்திருப்பார்கள். மேலே படித்தவர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

ஒரே தொழில் செய்கிறவர்கள் விருந்துக்காகக் கூடினாலும், கடைசியில் பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் முடியும் என்றார் ஸ்மித். தொழிலாளிகள் கூலி உயர்வுக்குக் கூடினால் ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. முதலாளிகள் கூலியைக் குறைக்க எந்நேரமும் சத்தமில்லாமல் கூடியே இருக்கிறார்கள், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று எடுத்துக்காட்டினார். வியாபாரிகள் சிபார்சு செய்யும் எந்தச் சட்டத்தையும் மிகுந்த சந்தேகத்தோடு நெடுநாள் ஆராய்ந்த பிறகே ஏற்கவேண்டும் என்று எச்சரித்தார். ஜனங்களில் பெரும்பாலோர் ஏழைகளாக வாடும் நாடு செழிப்பான நாடு ஆகாது என்பது அவர் தீர்ப்பு.

வேலை தேடி ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்குப் போகும் ஏழையை, எங்கள் ஊருக்குப் பாரமாவாய் என்று விரட்ட இங்கிலாந்தில் அன்று சட்டம் இருந்தது. அதைக் கொடுமை என்று கண்டித்தார். ஏழையின் ஒரே சொத்து அவனுடைய கையும் திறமையும். அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அவனுடைய சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்றார்.

ஆக, அவர் கேட்ட சுதந்திரம் யாருக்கு? சலுகை பெற்ற வியாபாரிக்கு அல்ல. போட்டி இருந்தால்தான் வியாபாரி விலையைக் குறைப்பான், நல்ல சரக்குத் தருவான். போட்டியைத் தடுக்கும் சட்டங்களை வியாபாரிகளே சர்க்காரிடம் கெஞ்சியும் மிரட்டியும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டங்களின் சுமை சாமான் வாங்குகிறவன் தலையில் விழுகிறது. இந்தச் சுமையை இறக்கவே அவர் வியாபார சுதந்திரம் கேட்டார்.

வங்காளத்துப் பட்டினி

இந்தக் கொள்கைக்குப் பெரிய சாட்சியாக அவர் காட்டியது நம் நாட்டைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது வங்காளத்தை ஆண்டுகொண்டிருந்தது. கையில் தராசும் வைத்துக்கொண்டு செங்கோலும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆளுகிறவனுக்கு நாடு செழித்தால் லாபம். வியாபாரிக்கோ மலிவாக வாங்கி அதிக விலைக்கு விற்றால் லாபம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வியாபாரிதான் ஜெயிப்பான். வியாபாரக் கம்பெனியின் ஆட்சியைப் போல மோசமான ஆட்சி எந்த நாட்டுக்கும் வாய்க்காது என்று அவர் எழுதினார்.

அபினி கையிருப்பில் இருந்தால், அதை நல்ல விலைக்கு விற்பதற்காக, கசகசாச் செடி வளர்ந்து நின்ற வயலை உழுது நெல் போடும்படி குடியானவனுக்கு உத்தரவு போட்டார்கள். அபினியில் லாபம் வரும் என்று தோன்றினால், நெல் வயலை உழுது கசகசா போடச் சொன்னார்கள். 1770-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்தது. மழை பொய்த்ததால் தானியம் குறைந்தது வாஸ்தவம். ஆனால் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அரிசி வியாபாரத்தில் போட்ட கட்டுப்பாடுகளே அந்தக் குறைவைப் பஞ்சமாக்க உதவியிருக்கலாம் என்று ஸ்மித் குற்றம் சாட்டினார். 1784-ல் வந்த மூன்றாம் பதிப்பில் கம்பெனியைப் பற்றி இன்னும் விரிவாக எழுதினார்.

ஆனால் சரித்திரத்தின் கொடுமையைப் பாருங்கள்! நூறு ஆண்டுகளுக்குப் பின் 1876-ல் தொடங்கி சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு சர்க்கார் செலவில் தானியம் வாங்கினார். தனி வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று இந்திய சர்க்கார் அதை ஆட்சேபித்தது. வைசிராய் லிட்டன் பிரபு, தானியம் வெளிநாட்டுக்குப் போவதையும் தடுக்கவில்லை. நிவாரண வேலை செய்தவர்களின் கூலி நாளுக்கு ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைக்கப்பட்டது. தானிய வியாபாரத்தைச் சுதந்திரமாக விட்டால் பஞ்சம் வராது என்று ஸ்மித் எழுதியதுதான் இத்தகைய உத்தரவுகளுக்கு அடிப்படை. கடையில் தானியம் இருந்தாலும், வாங்கக் கையில் காசில்லாத கூலிக்காரன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்கு ஸ்மித்தின் நூலில் போதிய விடை இல்லை. அது அவர் கொள்கையில் இருந்த குறை. ஆனால் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்சியாளர்களைப் பற்றி அவர் செய்த எச்சரிக்கையை அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

சர்க்காருக்கும் வேலை உண்டு

சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாட்டைக் காப்பது, நீதி வழங்குவது, தனி மனிதரால் முடியாத பாலம், சாலை, துறைமுகம் முதலியவற்றை அமைப்பது சர்க்காரின் கடமை என்றார். வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார். பாங்கிகள் சில்லறைத் தொகைக்கு நோட்டு வெளியிடுவதைத் தடுக்க வேண்டும் என்றார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஊர்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. குண்டூசியின் தலையை மட்டும் ஆயுள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பவனின் புத்தி மழுங்கிவிடும். வேலைப் பங்கீட்டின் நன்மையை உலகுக்குக் காட்டியவரே அதன் கெடுதலையும் மறைக்காமல் சொன்னார்.

கடைசி நாட்கள்

1776 ஆகஸ்டில் ஹியூம் காலமானார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்த நண்பர் மரணத்தை எவ்வளவு அமைதியோடு எதிர்கொண்டார் என்று ஸ்மித் எழுதிய கடிதம் மறு ஆண்டு வெளிவந்தது. வசை மழை பொழிந்தது. பிரிட்டனின் வியாபாரக் கொள்கை முழுவதையும் தாக்கி எழுதியதற்குக் கிடைத்த திட்டைவிட, இந்தச் சிறு கடிதத்துக்குப் பத்து மடங்கு அதிகமாகக் கிடைத்தது என்று பின்னால் அவர் குறிப்பிட்டார்.

1778-ல் சுங்கக் கமிஷனர் பதவி, வருஷத்துக்கு 600 பவுன் சம்பளத்துடன் வந்தது. டியூக்கின் பென்ஷனை விட்டுவிடுவதாக ஸ்மித் சொன்னார், டியூக் கேட்கவில்லை. தடைகளை வெறுத்தவர் சுங்க வேலையை ஏற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கார் நடக்க மிதமான வரி வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. அடியோடு தடுக்கும் சட்டங்களை எடுத்துவிட்டு, கடத்தல்காரனுக்கு லாபம் இல்லாதபடி குறைந்த வரி போடுங்கள் என்பதே அவர் யோசனை. சட்டம் இருக்கும் வரை அதை ஒழுங்காக நிறைவேற்றினார்.

1784-ல் தாயாரும், 1788-ல் வீட்டைக் கவனித்துவந்த உறவுப் பெண் ஜேனட் டக்ளஸும் இறந்தார்கள். ஸ்மித் தனிமையில் தளர்ந்தார். இடையே 1787-ல் லண்டன் சென்றபோது, பிரதம மந்திரி பிட்டும் மற்றவர்களும் ஒரு விருந்தில் எழுந்து நின்று வரவேற்றார்கள் என்றும், அவர் உட்காரச் சொன்னபோது, தாங்கள் எல்லாரும் அவருடைய மாணவர்கள், அவர் அமர்ந்த பிறகே அமர்வோம் என்று பிட் சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

1790-ல் தம் முதல் நூலைப் பெரிதும் திருத்தி வெளியிட்டார். பணக்காரர்களைக் கண்டு வியப்பதும், ஏழைகளை அலட்சியம் செய்வதுமே நம் நீதி உணர்ச்சியைக் கெடுக்கும் பெரிய காரணம் என்று ஒரு புதிய அத்தியாயம் சேர்த்தார். சந்தைக்காகப் பரிந்து பேசியவர் கடைசியாக உலகத்துக்குச் சொல்லிப் போன புத்திமதி அது.

அந்த ஆண்டு ஜூலையில், முடிவடையாத தம் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திவிடும்படி நண்பர்களிடம் மன்றாடினார். பதினாறு பாகங்கள் நெருப்புக்கு இரையாயின. அதன் பிறகே அவருக்கு நிம்மதி வந்தது. ஜூலை 17-ந் தேதி காலமானார். எடின்பரோவில் கேனன்கேட் மாதாகோயில் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

நல்ல வருமானம், எளிய வாழ்க்கை, பிள்ளை குட்டி இல்லை. ஆனால் எதிர்பார்த்த அளவு பணம் மிஞ்சியிருக்கவில்லை. எங்கே போயிற்று? யாருக்கும் தெரியாமல் அவர் ஏழைகளுக்கும் கஷ்டப்பட்டவர்களுக்கும் பெருந்தொகை கொடுத்துவந்தது பிறகுதான் வெளியாயிற்று. சுயநலத்தைப் பற்றி எழுதியவருடைய கணக்குப் புத்தகம் இப்படி இருந்தது!

2007 முதல் 2022 வரை இங்கிலாந்து பாங்கியின் 20 பவுன் நோட்டில் ஸ்மித்தின் உருவம் இருந்தது. 2008-ல் எடின்பரோ நகர வீதியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பணத்தில் படம் போட்டதாலோ சிலை வைத்ததாலோ அவர் சொன்னது நிறைவேறிவிடாது. எங்கள் தொழிலைக் காப்பாற்றுங்கள், சலுகை கொடுங்கள், போட்டியைத் தடுங்கள் என்று பெரிய வியாபாரிகள் இன்றும் சர்க்கார் வாசலில் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வியாபாரத்திடமே விட்டுவிடுங்கள் என்று வேறு சமயங்களில் அவர்களே பேசுகிறார்கள். இரண்டுக்கும் ஸ்மித்தின் பெயர் துணைக்கு அழைக்கப்படுகிறது. அப்போதெல்லாம், இதனால் சாமான் வாங்குகிற ஏழைக்கு விலை குறையுமா, உழைக்கிறவனுக்குக் கூலி உயருமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தப் பேராசிரியர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.